ஜாமீன் கிடைத்துவிட்டது; ஆள் ஏன் இன்னும் வெளியே வரவில்லை?

"ஜாமீன் கிடைச்சிடுச்சு" என்று வக்கீல் போனில் சொன்னதும் வீட்டில் பாதி பாரம் இறங்கிவிடும். இன்று மாலைக்குள் ஆள் வந்துவிடுவார் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிடும். ஆனால் இரண்டு நாளாகும், நான்கு நாளாகும், ஆள் வரமாட்டார். "பத்தாயிரம் கட்டணுமாம்", "ஜெயில்ல விடமாட்டேங்கறாங்களாம்" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் சந்தேகமெல்லாம் வக்கீல் மேல் போய் நிற்கும்.

நீதிமன்றத்தின் ஜாமீன் ஆணைக்கும் சிறைக் கதவுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. பத்திரம் எழுதிக் கொடுத்து, ஜாமீன்தாரர்களைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அந்தப் படி. ஆணை வாங்க எவ்வளவு பாடுபடுகிறோமோ, இந்தப் படிக்கும் அதே அளவு தயாராக வேண்டும் என்று யாரும் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்வதில்லை.

சீட்டுக்குப் போடும் ஜாமீன் கையெழுத்து

சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதல் சில மாதங்களிலேயே சீட்டை எடுத்தவர், மீதித் தவணையைக் கட்டாமல் போய்விடக் கூடாது என்பதற்காக நிறுவனம் ஜாமீன் கையெழுத்துக் கேட்கும். கையெழுத்துப் போடுபவர் அன்றைக்கு ஒரு பைசாவும் தருவதில்லை. எடுத்தவர் ஒழுங்காகக் கட்டிவிட்டால் அவர் கடைசிவரை எதுவும் தரவேண்டியதில்லை. கட்டாமல் போனால் மட்டும் அவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும்.

நீதிமன்ற ஜாமீனும் இதே மாதிரிதான். ஒரே வித்தியாசம், சீட்டில் உறுதி கொடுப்பது பணத்துக்கு. இங்கே உறுதி கொடுப்பது ஆளுக்கு. "இந்த ஆள் கூப்பிடும் நாளிலெல்லாம் நீதிமன்றத்துக்கு வருவார், வராவிட்டால் இவ்வளவு தொகைக்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் எழுத்தில் கொடுப்பதே ஜாமீன் பத்திரம். ஆணையில் இருக்கும் ரூ.10,000 நீங்கள் கவுண்டரில் கட்டவேண்டிய பணம் அல்ல. வாக்கு மீறினால் வசூலிக்கப்படக்கூடிய தொகையின் உச்சவரம்பு அது.

அமெரிக்கப் படங்களில் வருகிற மாதிரி, பத்து சதவீதம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளை வெளியே எடுத்துவிடும் உரிமம் பெற்ற கம்பெனி இந்தியாவில் கிடையாது. இங்கே ஜாமீன்தாரர் என்பவர் குற்றம்சாட்டப்பட்டவரை நேரில் அறிந்த, அவர்மேல் நம்பிக்கை வைத்து முன்வருகிற ஒரு சாதாரண மனிதர். நீதிமன்ற வாசலில் "ஆள் நான் தர்றேன், இவ்வளவு கொடுங்க" என்று வருபவர்களிடம் போகாதீர்கள். அவர்கள் காட்டும் ஆவணம் போலி என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாவதோடு நிற்காது, புதிதாக ஒரு மோசடி வழக்கும் வந்து சேரும்.

இரண்டு வகைப் பத்திரங்கள்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டம் தெளிவாகச் சொல்லாத ஒன்றைப் புதியது தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்கிறது. ஜாமீன்தாரர் இல்லாமல், குற்றம்சாட்டப்பட்டவர் தானே எழுதிக் கொடுப்பது பத்திரம். பேச்சு வழக்கில் இதைச் சொந்த ஜாமீன் என்கிறோம். ஜாமீன்தாரரோடு சேர்த்துக் கொடுப்பது ஜாமீன் பத்திரம். எந்த வகை வேண்டும் என்பதை ஆணையே சொல்லும். சொந்த ஜாமீன் என்றால் வெளி ஆள் தேவையில்லை. கையெழுத்துப் போட்டால் போதும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். குற்றங்களைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை. காவல் நிலையத்திலேயே பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம், விட வேண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம் என்ற பெயரைக் கேட்டதும் பலர் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு அர்த்தம் ஜாமீனே கிடையாது என்பதல்ல. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது என்பதுதான். போதைப்பொருள், பண மோசடித் தடுப்பு, உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) போன்ற சில சட்டங்களில் மட்டும் அந்த அதிகாரத்தையே சட்டம் இறுக்கிக் கட்டியிருக்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொண்டால்: ஜாமீன் என்பது ஆள் வருவார் என்ற உறுதி, தொகை என்பது உறுதி மீறப்பட்டால் வரும் பொறுப்பு, அந்த உறுதியை அவரே தனியாகக் கொடுக்கலாம், அல்லது ஜாமீன்தாரரோடு சேர்ந்து கொடுக்கலாம்.

ஆணையில் என்ன எழுதியிருக்கிறது?

ஆணை நகலை வக்கீலிடம் கேட்டு வாங்கி, நீங்களே ஒருமுறை படியுங்கள். தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் ஆணைகள் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் இருக்கும். "மனுதாரர் ரூ.10,000க்குப் பத்திரம் எழுதிக்கொடுத்து, அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களைக் கொடுத்து, இன்ன மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்படும்படி செய்தால் விடுவிக்கப்படலாம்" என்று அந்த வரி சொல்லும்.

அந்த வரிக்குள் நான்கு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது எண்ணிக்கை: எத்தனை ஜாமீன்தாரர்கள். இரண்டாவது தொகை: மேலே சொன்ன ஆணையில் மூன்று பேரும் ஆளுக்கு ரூ.10,000 பொறுப்பேற்கிறார்கள். மூன்றாவது உறவு: ஜாமீன்தாரர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று சில ஆணைகள் சொல்லும். அப்படியிருக்கும்போது மைத்துனரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான்காவது எந்த நீதிமன்றம் என்பது. ஜாமீன் கொடுத்தது செஷன்ஸ் நீதிமன்றமாகவோ உயர் நீதிமன்றமாகவோ இருக்கலாம். பத்திரத்தை ஏற்பது பெரும்பாலும் வழக்கு இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட். ஆணை வந்தது சென்னையில், பத்திரம் கொடுக்கவேண்டியது கடலூரில் என்று அமைவது சாதாரணம்.

"குற்ற எண் கணக்கில் ரூ.25,000 செலுத்த வேண்டும்" என்று தனியாக ஒரு வரி இருந்தால் அது வேறு. (குற்ற எண் என்பது காவல் நிலையம் வழக்குக்குக் கொடுக்கும் எண்.) அது உண்மையாகவே கட்டவேண்டிய பணம். பத்திரத் தொகையையும் வைப்புத் தொகையையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. கட்டவேண்டியதை விட்டுவிட்டுப் போய் நிற்பவர்களும் உண்டு.

முன்ஜாமீன், அதாவது கைது ஆவதற்கு முன்பே வாங்கும் ஜாமீன், என்றால் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஆணை நகல் தயாரான நாளிலிருந்து 15 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகிப் பத்திரம் கொடுக்க வேண்டும், தவறினால் மனு தள்ளுபடியானதாகக் கருதப்படும் என்று நம் உயர் நீதிமன்ற ஆணைகளில் வழக்கமாக ஒரு வரி வரும். கெடு எத்தனை நாள் என்பதைப் பார்த்து, தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

ஜாமீன்தாரர் மாஜிஸ்திரேட் முன் நிற்கும் ஐந்து நிமிடம்

குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஜாமீன்தாரரின் தகுதிக்கு ஆதாரமாக நீதிமன்றம் பிரமாண வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்ளலாம், தேவைப்பட்டால் விசாரிக்கலாம் என்பதே சட்டம். நடைமுறையில் ஒவ்வொரு நீதிமன்றமும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் அளவு போட்டோ எல்லா இடத்திலும் கேட்பார்கள். வசதியைக் காட்ட வீட்டு வரி ரசீது, வாகன ஆர்.சி. புத்தகம், வங்கி வைப்பு ரசீது, அரசு ஊழியரென்றால் சம்பளச் சான்று, இவற்றில் ஒன்று. சில இடங்களில் விஏஓ சான்றோ தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்றோ வேண்டும் என்பார்கள். எனவே முதல் நாளே அந்த நீதிமன்ற அலுவலகத்தில் என்னென்ன வேண்டும் என்று வக்கீல் மூலம் கேட்டுவிடுவது நல்லது. ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

காகிதங்கள் எங்கே மாட்டும்? வீட்டு வரி ரசீது இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும். ஜாமீன்தாரர் பெயருக்கு மாறியிருக்காது. இந்த ஆண்டு வரி கட்டாமல் மூன்று வருடத்துக்கு முந்தைய ரசீதை எடுத்து வந்திருப்பார். ஆதாரில் "மு. செல்வம்", ரசீதில் "செல்வராஜ்". வண்டியின் ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனிப் பெயர் இன்னும் நீங்காமல் இருக்கும். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் சிறை கூடும்.

காகிதம் சரியாக இருந்தாலும் மாஜிஸ்திரேட் சில கேள்விகள் கேட்பார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்? இவர் அப்பா பேர் என்ன? என்ன கேஸ்? எவ்வளவுக்கு ஜாமீன் போடறீங்க? வராவிட்டால் என்ன ஆகும்னு தெரியுமா?" பக்கத்துத் தெருக்காரரை அவசரமாகக் கூட்டி வந்திருந்தால் அப்பா பெயரிலேயே திணறிவிடுவார். காசுக்கு வந்த ஆளோ என்ற சந்தேகம் எழுந்தால் அவரை நிராகரிக்க அது போதும். முந்தைய நாள் இரவு உட்கார்ந்து வழக்கு எண், காவல் நிலையம், தொகை, பொறுப்பு எல்லாவற்றையும் ஜாமீன்தாரருக்குச் சொல்லிப் புரியவைப்பதை யாரும் ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்வது அவருடைய உரிமை.

இதற்குமுன் யார் யாருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 486ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. மறைக்கக் கூடாது. போட்டோவும் இடதுகைப் பெருவிரல் ரேகையும் பத்திரத்திலேயே பதியும்.

நீதிமன்றத்திலிருந்து சிறை வாசல் வரை

பத்திரம் ஏற்கப்பட்டதும் மாஜிஸ்திரேட் சிறைக்கு விடுதலை ஆணை அனுப்புவார். சிறையில் அதை ரிமாண்ட் வாரண்டோடு, அதாவது ஆளை உள்ளே வைக்கச் சொன்ன உத்தரவோடு, ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்: பெயர், தந்தை பெயர், குற்ற எண், பிரிவுகள். ஒரு எண் தட்டச்சில் மாறியிருந்தால் ஆள் வெளியே வரமாட்டார். ஆணை திருத்தத்துக்குத் திரும்பிப் போகும். நீதிமன்றத்தைவிட்டுக் கிளம்புவதற்கு முன் இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மாலையில் கைதிகளை அடைத்த பிறகு ஆணை போய்ச் சேர்ந்தால் மறுநாள்தான் விடுதலை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் பத்திரம் கொடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் விடவில்லையென்றால், வேறு வழக்கில் வாரண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி ஜாமீன் வேண்டும். 13 வழக்குகளில் ஜாமீன் கிடைத்தும் அத்தனைக்கும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையிலிருந்த ஒருவர் விஷயத்தில், அதே ஜாமீன்தாரர்களையே பல வழக்குகளுக்கும் ஏற்க வழிசெய்து உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது. பல வழக்குகள் இருந்தால் உங்கள் வக்கீல் அதைச் சுட்டிக்காட்டலாம்.

குண்டர் சட்டத்தில் வைக்கப்பட்டிருந்தால் கதையே வேறு. அது தடுப்புக் காவல். வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் அந்த உத்தரவு நிற்கும்வரை விடமாட்டார்கள். அதற்கு, தடுப்புக் காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமமும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவுமே வழி.

சுருக்கமாக: ஆணை, அதைத் தொடர்ந்து ஜாமீன்தாரர் சரிபார்ப்பு, பிறகு விடுதலை ஆணை, கடைசியில் சிறையின் ஒப்பீடு. ஆள் வராதபோது இந்த நான்கில் எது நின்றுபோயிருக்கிறது என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஜாமீன்தாரரே கிடைக்காவிட்டால்

வீட்டு வரி ரசீதோ வண்டியோ உள்ள இரண்டு பேரைக்கூட அறியாத ஏழைக்கு இந்த ஏற்பாடு அநியாயமானது. நீதிமன்றங்களும் இதைப் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கின்றன. 1978இல் மோதி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் ரூ.10,000க்கு ஜாமீன்தாரர் கேட்கப்பட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, ரூ.1,000 சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். "வெளி மாவட்ட ஆள்" என்று இன்றும் ஜாமீன்தாரரைத் திருப்பி அனுப்பினால் எடுத்துக்காட்ட வேண்டிய தீர்ப்பு அது.

ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைத் தர முடியவில்லையென்றால், அவர் வசதியற்றவர் என்றே கருதி ஜாமீன்தாரர் இல்லாமல் விடவேண்டும் என்று 478ஆம் பிரிவு சொல்கிறது. மற்றக் குற்றங்களில், தொகை அதிகம் என்றால் 484ஆம் பிரிவின்கீழ் குறைக்கச் சொல்லி செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். ஜாமீன்தாரருக்குப் பதில் பணத்தைக் கட்டிவிடுகிறேன் என்று 490ஆம் பிரிவின்கீழ் அனுமதி கேட்கலாம். வழக்கு முடிந்ததும் மனுப்போட்டுத் திரும்பப் பெறலாம், ரசீதை மட்டும் தொலைத்துவிடக் கூடாது.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் சில கட்டளைகளை இட்டது. ஜாமீன் ஆணையை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். 7 நாட்களில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பத்திரம் கொடுக்கப்படவில்லையென்றால் நீதிமன்றம் தானாகவே எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசும் 2023இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதுவும் இந்த ஆணைக்குழு வழியாகவே நகரும். சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல் அவருக்கு இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.

ஜாமீன்தாரரின் தலைமேல் என்ன?

"ஜாமீன் போட்டா நம்மளையும் கேஸ்ல சேர்த்துடுவாங்க" என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. சேர்க்க மாட்டார்கள். குற்றம் நிரூபணமாகி குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தண்டனையே கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்கு ஒன்றுமில்லை. ஜாமீன்தாரரின் பொறுப்பு ஆள் வருவதற்கு மட்டும்.

ஆள் தலைமறைவானால் முதலில் பிடிவாரண்டு போகும். பத்திரம் பறிமுதல் செய்யப்படும், அதாவது வாக்கு மீறப்பட்டதாகப் பதிவாகும். பிறகு ஜாமீன்தாரருக்கு, "ஏன் தொகையை வசூலிக்கக் கூடாது?" என்று நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸை வாங்கி மடித்து வைத்துவிடுவதுதான் மிகப்பெரிய தவறு. நேரில் போய்க் காரணம் சொன்னால் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆளைக் கொண்டுவந்து நிறுத்த முயன்றது அப்போது உதவும். பதிலும் இல்லை, பணமும் இல்லை, வசூலிக்கச் சொத்தும் இல்லை என்றால் ஆறு மாதம் வரை சிவில் சிறை வரலாம்.

நம்பிக்கை போய்விட்டதா? ஆள் ஓடிப்போகும் முன்பே ஜாமீன்தாரர் விலகிக்கொள்ளலாம். 489ஆம் பிரிவின்கீழ் மனுக் கொடுத்தால், மாஜிஸ்திரேட் அந்த ஆளை வரவழைத்து, வேறு ஜாமீன்தாரரைத் தரச் சொல்வார். தராவிட்டால் அவர் மீண்டும் உள்ளே போவார். பத்திரம் பறிமுதலாகும் முன்பே ஜாமீன்தாரர் இறந்துவிட்டால், அவர் குடும்பத்தின் சொத்தை யாரும் தொட முடியாது.

வெளியே வந்த பிறகு

ஜாமீன் என்றால் வழக்கு முடிந்தது என்று பொருளில்லை. தினமும் காலை 10.30க்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்று நிபந்தனை இருந்தால் அது எழுத்துக்கு எழுத்து நடக்க வேண்டும். வேலைக்குப் போக முடியவில்லை என்றால், சில வாரங்கள் ஒழுங்காகப் போட்ட பிறகு நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடலாம். நீங்களாக நிறுத்திக்கொண்டால் ஜாமீனை ரத்து செய்யக் காவல்துறைக்கு அதுவே காரணமாகிவிடும்.

வாய்தா அன்று காய்ச்சல் என்றால் வழக்கைக் கூப்பிடும் முன்பே வக்கீலுக்குச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் வருகையிலிருந்து விலக்குக் கேட்டு மனுப் போடுவார். பழைய பிரிவு எண்ணை வைத்து இன்னும் பலர் அதை 317 பெட்டிஷன் என்றே சொல்கிறார்கள், இப்போது அது 355. சொல்லாமல் விட்டால் பிடிவாரண்டு. வாரண்டு வந்துவிட்டாலும் ஒளிய வேண்டாம். தானாகப் போய் நின்று திரும்பப் பெற மனுப் போடுவதற்கும் போலீஸ் பிடித்துக்கொண்டு வருவதற்கும் மாஜிஸ்திரேட் பார்வையில் நிறைய வித்தியாசம். காரணமின்றி வராமலிருப்பதே பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 269ஆம் பிரிவில் ஓராண்டு வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம்.

தீர்ப்பு நெருங்கும்போது நீதிமன்றம் இன்னொரு பத்திரம் கேட்கும். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்து மேல் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பினால் வந்து நிற்பேன் என்ற அந்தப் பத்திரம் ஆறு மாதம் உயிரோடிருக்கும். விடுதலையே ஆனாலும் இது உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. வழக்கில் போட்ட ஜாமீன்தாரரின் ஆர்.சி. புத்தகமோ வைப்பு ரசீதோ அசலாக நீதிமன்றத்தில் இருந்தால், அதைத் திருப்பித் தரச் சொல்லித் தனி மனு வேண்டும். உங்களை நம்பிக் கொடுத்தவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை வக்கீலை விடாதீர்கள்.